வானம் பார்த்த மண்ணில் எது நிற்கும்?

சென்ற மாசி மாதத்தில் நண்பர்கள் மூவருடன் உத்தரகோசமங்கை ஆலயத்தைத் தரிசித்துவிட்டுச் சாயல்குடி நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். சாலையோரக் களம் ஒன்றில் முண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி, காவலிருந்த பெரியவரிடம், "ஐயா, இந்தப் பக்கம் மிளகாய்தான் நன்றாக விளையுமோ?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "வெளையிறது இருக்கட்டும் தம்பி, இந்த மண்ணுல எது நிக்கும்னு பாக்கணும்ல" என்றார்.

நாம் கேட்டது விளைவதை. அவர் சொன்னது நிற்பதை. இவ்விரு வினைச்சொற்களுக்கும் இடையே இராமநாதபுரச் சீமையின் வேளாண் வரலாறே அடங்கியிருப்பதாகப் பின்னர் தோன்றியது. அதையே வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டரைச் சற்றே கடக்கும். அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடும். உள்நாட்டில் வெடித்துக் கிடக்கும் கரிசல். கடலோரத்தில் உவர் ஏறிய மணல். பாம்பன் தீவிலோ பவளப்பாறையின் மேல் படிந்த மணல். வைகை பெரும்பாலான ஆண்டுகளில் கடலைக் காணாமலேயே இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடும். நாரையாலும் பறந்து கடக்க இயலாது எனப் புகழப்படும் இராஜசிங்கமங்கலத்து நாற்பத்தெட்டு மடைக் கண்மாயும் மழையை நம்பியதே. பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு இருந்தது. செலவு மிகுதியென அது கைவிடப்பட்டது. 1895இல் அணை எழும்பியபோது அதன் பெரும்பயன் மதுரைப் பகுதிக்கே வாய்த்தது. ஆக, நீரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இச்சீமைக் குடியானவனுக்கு இல்லை. பயிரைத் தேர்ந்தெடுப்பது ஒன்றே அவன் கையில் இருந்தது.

அவன் எவ்வாறு தேர்ந்தான்? நெல்லை எடுத்துக்கொள்வோம். காவிரிக் கரையில் நாற்றங்காலும் நடவும் உண்டு. இங்கோ புரட்டாசியிலேயே உழுத புழுதியில் விதையைத் தூவிவிடுவார்கள். விதை மண்ணுக்குள் மழைக்காகக் காத்துக் கிடக்கும். முதல் மழையில் முளைக்கும். பின்னர் கண்மாய் நிறைந்தால் நஞ்சைப் பயிர்போல வளரும். சித்திரைக்கார், குழியடிச்சான், நொறுங்கன் போன்ற பழைய நெல்வகைகள் இத்தகைய வறட்சிக்குப் பழகியவை. உயரமாக வளர்பவையாதலால் மணி பொய்த்த ஆண்டிலும் மாட்டுக்கு வைக்கோலாவது மிஞ்சும். நல்ல ஆண்டில் எத்தனை மூட்டை என்பதைவிடக் கெட்ட ஆண்டில் என்ன மிஞ்சும் என்பதே தேர்வின் அளவுகோலாக இருந்தது. அண்மைக்கால அறிவியலும் இந்த வழியை ஒதுக்கிவிடவில்லை. பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி 2009இல் வெளிவந்த 'அண்ணா 4' நெல்லும் புழுதி விதைப்பை மனத்திற்கொண்டு பிறந்ததே.

பனையின் கதை இன்னும் நெடியது. சங்கப் புலவர்கள் 'பெண்ணை' என்றழைத்த இம்மரம் நெய்தல் பாடல்களில் கடற்கரை மணலில் நிற்கிறது; இன்றும் சாயல்குடி மணலில் அவ்வாறே நிற்கிறது. பயன்தரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். நட்டவன் பார்க்கலாம், உண்பவன் பேரன் என்பது ஊர் வழக்கு. எனினும் ஒருமுறை வேர் பிடித்தால் எந்தப் பஞ்சத்திலும் பதநீரும் கருப்பட்டியும் கிழங்கும் ஓலையும் தந்துகொண்டிருக்கும்.

மிளகாய் இம்மண்ணுக்குரியதன்று. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்ச்சுகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்தது. அதற்கென ஒரு சொல் நம்மிடம் இல்லாததால், மிளகின் காரத்தை ஒத்த காய் என்று மிளகாயாக்கினோம். ஆனால் உருண்டு திரண்ட முண்டு வகை உவரையும் வறட்சியையும் தாங்கி நின்றது. காயவைத்தால் கெடாது, விலை வரும்வரை வீட்டில் வைத்திருக்கலாம். அதனால் இங்குள்ளோர் அதைத் தமதாக்கிக்கொண்டனர். 2023இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வந்தேறியாயினும் நிலத்தோடு ஒத்துப்போனால் அது நிலத்தின் பெயரையே பெற்றுவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

இன்னொரு வந்தேறியின் கதையோ வேறு. சீமைக் கருவேலம் 1870களில் இந்தியாவுக்குள் வந்தது. விடுதலைக்குப் பின், விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்ப்பதற்காக இவ்வறண்ட மாவட்டத்தில் பரப்பப்பட்டது. வறட்சியில் நிற்குமா? நிற்கும். உவரில்? நிற்கும். ஆடு மாடுகள் நெற்றைத் தின்று கண்மாய் தோறும் விதையைக் கொண்டு சேர்த்தன. கலப்பைக்குக் கட்டை தந்த நாட்டுக் கருவேலம் ஒதுங்கிற்று. தரிசாகக் கிடந்த புன்செய்கள் முட்காடாயின. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற உத்தரவிட்டது. அவ்வாண்டிலேயே அதற்குத் தடையும் வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல்தாவரங்களைக் களைவதற்கெனக் கொள்கை வகுத்தது.

ஆயினும் வெட்டி எறியுங்கள் என்று நகரத்திலிருந்து சொல்வது எளிது. மழை பொய்த்த ஆண்டுகளில் முதுகுளத்தூர், கமுதிப் பகுதிகளில் எத்தனையோ அடுப்புகளை எரியவைத்தது இம்மரத்தின் கரிமூட்டந்தான். நட்டவர்கள் மூடர்களும் அல்லர். எது நிற்கும் என்ற கேள்வியையே அவர்களும் கேட்டார்கள். ஆனால் குடியானவனின் கேள்விக்குள் சொல்லாமல் அடங்கியிருந்த மறுபாதியை விட்டுவிட்டார்கள்.

பெரியவரிடம் விடைபெறும்போது, களத்துக்கு அப்பால் பச்சையாகத் தெரிந்த சீமைக் கருவேலங்காட்டைச் சுட்டி, "அதுவும் நிற்கிறதே, ஐயா?" என்றோம்.

"அது நிக்கும் தம்பி. வேற எதையும் நிக்க விடாது" என்றார்.