பழி என்னும் குடும்பச் சொத்து

'காட்ஃபாதர்' படத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மனைவி கே ஒரு கேள்வி கேட்கிறாள். மைக்கேல் பொய் சொல்கிறான். அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் ஆண்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு கையை முத்தமிடுகிறார்கள். அவள் திரும்பிப் பார்க்கும்போது கதவு சாத்தப்படுகிறது. 1972இல் வந்த அந்தப் படத்துக்குப் பிறகு எடுக்கப்பட்ட எத்தனையோ குற்றக் கதைகளில் அதே கதவு இருக்கிறது. தந்தையின் நாற்காலி மகனுக்கு, தந்தையின் பகையும் மகனுக்கு. பெண்ணுக்குச் சமையலறை, ஜெபமாலை, இழவு வீடு.

ஆனால் நிலம் கைமாறப் பத்திரம் வேண்டும். பகை கைமாற என்ன வேண்டும்? ஐந்து வயதில் தந்தையைப் பறிகொடுத்த ஒரு பையனுக்கு, இருபது வயதில் தான் யாரைக் கொல்ல வேண்டும் என்பது எப்படித் தெரிகிறது? இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகள் அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவர் யார்? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் பெண் கதவுக்கு வெளியே நிற்பவள் அல்ல என்பது தெரிந்துவிடுகிறது. இத்தாலியின் தெற்கே சிசிலியிலும் கலாப்ரியாவிலும் கடந்த அறுபது ஆண்டுகளில் சில பெண்கள் செய்ததை இந்தக் கேள்வியின் வழியாகப் படிக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பழைய கதை. மத்தியதரைக் கடலின் கோர்சிகாத் தீவில் கொலையுண்டவனின் உடலருகே பெண்கள் பாடும் ஒப்பாரிக்கு 'வோச்சேரோ' என்று பெயர். நம் ஒப்பாரியைப் போலவே இறந்தவனின் பெருமையைச் சொல்லி அழும் பாட்டுதான். கொலைச் சாவு என்றால் அது அழுகையோடு நிற்காது. கொன்றவனின் பெயரைச் சொல்லி, வீட்டு ஆண்களின் கையாலாகாத்தனத்தைச் சுட்டி, பழி கேட்கும். இரத்தம் தோய்ந்த சட்டையைத் துவைக்காமல் எடுத்து வைத்து, மகன் வளர்ந்ததும் காட்டும் வழக்கமும் அங்கே இருந்தது. ப்ராஸ்பர் மெரிமே 1840இல் எழுதிய 'கொலம்பா' என்ற பிரெஞ்சுக் கதையில், மறந்துபோகத் தயாராக இருக்கும் அண்ணனிடம் தந்தையின் சட்டையைக் கொண்டுவந்து காட்டுபவள் தங்கைதான்.

ஆணுக்குத் துப்பாக்கி, பெண்ணுக்கு நினைவு. இதுதான் வேலைப் பிரிவினை. சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் போலவே, நினைவைப் பாதுகாப்பதும் கூலியில்லாத, கணக்கில் வராத உழைப்பாகவே இருந்தது. குற்றவியல் சட்டமும் அதை உழைப்பாகப் பார்க்கவில்லை. 1983இல் பலேர்மோ நீதிமன்றம் ஒன்று, மாஃபியாக்காரர் ஒருவரின் மனைவி தொடர்பான வழக்கில், கணவனின் விவகாரங்களில் சுயமாகப் பங்கெடுக்கும் அளவுக்கு அந்தச் சமூகத்தின் பெண்கள் இன்னும் விடுதலை பெற்றுவிடவில்லை என்று கருதியது. அந்தப் பெண்ணுக்கு அது சாதகமான தீர்ப்பு. பெண்களுக்கோ அது வேறொரு கதவு. குற்றம் செய்யும் அளவுக்கு நீ ஆளில்லை என்று சொன்னால், குற்றத்தை எதிர்க்கும் அளவுக்கும் நீ ஆளில்லை என்றுதான் பொருள்.

எதிர்த்தவர்கள் அதற்கு வெகுநாள் முன்பே இருந்தார்கள்.

செராஃபீனா பத்தாலியா பலேர்மோவைச் சேர்ந்தவர். அவரோடு வாழ்ந்த ஸ்தெஃபானோ லெயாலே என்ற மாஃபியாக்காரர் 1960இல் கொல்லப்பட்டார். செராஃபீனா தனக்குக் கற்பிக்கப்பட்டதைச் செய்தார்: தன் மகனைப் பழி வாங்கத் தூண்டினார். மகன் முயன்றான், முடியவில்லை. 1962 ஜனவரியில் அவனையும் கொன்றுவிட்டார்கள். அனுப்பிவைத்த மகன் பிணமாகத் திரும்பிய பிறகுதான், கறுப்பு உடையோடு அவர் நீதிபதி செசாரே தெர்ரனோவாவிடம் போனார். தனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் சொன்னார். நீதிமன்றத்தில் நின்று மாஃபியாவுக்கு எதிராகப் பேசிய முதல் பெண்ணாக அவரைத்தான் வரலாறு குறிப்பிடுகிறது.

அவருடைய சாட்சியத்தில் பழியுணர்ச்சி இல்லை என்று சொல்ல முடியாது. துப்பாக்கியால் முடியாததைச் சட்டத்தால் முடிக்க அவர் நினைத்திருக்கலாம். அதனால் அவர் செய்தது சிறியதாகிவிடாது. பழிக்கும் நீதிக்கும் நடுவில் இருக்கும் இடத்தைக் கடந்துபோகும் ஒரு தாயை அங்கே பார்க்கிறோம். அரசு அந்தத் தாயைக் கைவிட்டது. கீழ் நீதிமன்றங்களில் ஆயுள் தண்டனை பெற்ற அல்காமோ ஊரின் ரீமி குடும்பத்தினர் மேல் விசாரணைகளுக்குப் பிறகு 1970களில் போதிய ஆதாரம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். அவருடைய வார்த்தையை எழுதிக்கொண்ட தெர்ரனோவா 1979 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி ஜொவான்னா தெர்ரனோவா, அதே போலக் கணவரை இழந்த ரீத்தா கோஸ்தா உள்ளிட்டோர் சேர்ந்து 1980களின் தொடக்கத்தில் மாஃபியாவுக்கு எதிரான சிசிலிப் பெண்களின் சங்கத்தை உருவாக்கினார்கள். விதவைகளின் துக்கம் வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு வந்தது.

இரண்டாவது பெண், சினிசி ஊரின் ஃபெலீச்சா இம்பாஸ்தாத்தோ. அவர் கணவர் லூயிஜி மாஃபியாவுக்கு நெருக்கமானவர். லூயிஜியின் சகோதரியின் கணவர் செசாரே மன்செல்லா ஊரின் தலைவர். 1963இல் கார் குண்டில் இறந்தார். அப்போது ஃபெலீச்சாவின் மூத்த மகன் பெப்பீனோவுக்குப் பதினைந்து வயது. அவன் பார்த்த முதல் பெரிய மரணம் அது. சொத்து அவனுக்காகக் காத்திருந்தது. அவன் வாங்க மறுத்தான். இடதுசாரி இயக்கத்தில் சேர்ந்தான். 1977இல் 'ரேடியோ அவுத்' என்ற சுதந்திர வானொலியைத் தொடங்கி, மன்செல்லாவுக்குப் பின் வந்த கயெத்தானோ பதலமெந்தியை நேரலையில் கேலி செய்தான். தந்தை அவனை வீட்டைவிட்டு விரட்டினார். தாய் ஒளித்து வைத்துச் சோறு போட்டார். பின்னாளில் அவனைப் பற்றி வந்த படத்துக்கு 'நூறு அடிகள்' என்று பெயர். பதலமெந்தியின் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான்.

1978 மே 9 அதிகாலை. பெப்பீனோவைக் கொன்று, உடலை ரயில் தண்டவாளத்தில் வெடிவைத்துச் சிதறடித்தார்கள். குண்டு வைக்கப்போய் அவனே செத்தான் என்று விசாரணை சொன்னது. அதே நாளில் ரோமில் முன்னாள் பிரதமர் ஆல்தோ மோரோவின் உடல் கண்டெடுக்கப்பட்டது. சினிசியின் செய்தி அதன் அடியில் புதைந்துபோனது.

இப்போது ஃபெலீச்சாவின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. கணவரின் உறவினர்கள் பழிக்குப் பழி பேசினார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்தால், மிச்சமிருக்கும் மகன் ஜொவான்னியையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். ஃபெலீச்சா இரண்டையும் ஒதுக்கினார். கணவரின் சுற்றத்தோடு உறவை முறித்துக்கொண்டு, மகனின் கொலை வழக்கில் பாதிக்கப்பட்ட தரப்பாகத் தன்னைச் சேர்த்துக்கொண்டார். ஆய்வாளர்கள் அன்னா புலீசியும் உம்பெர்த்தோ சந்தீனோவும் அவரோடு உட்கார்ந்து பேசிப் பதிவுசெய்த வாழ்க்கைக் கதை 1986இல் புத்தகமாக வந்தது. 'என் வீட்டில் மாஃபியா' என்பது அதன் தலைப்பு. மாஃபியாவின் வரலாற்றைப் போலீஸ் கோப்பிலிருந்து எடுத்து ஒரு தாயின் அடுப்படியில் வைத்து எழுதிய புத்தகம் அது.

இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். 2002இல் பதலமெந்திக்கு அந்தக் கொலைக்காக ஆயுள் தண்டனை கிடைத்தது. 2004 டிசம்பரில் ஃபெலீச்சா இறந்தார். அந்த இருபத்து நான்கு ஆண்டுகளும் தன் வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு மகனின் கதையைச் சொன்னார். அதே வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. நினைவைக் காப்பது பெண்ணின் வேலை என்று விதித்திருந்தார்கள் அல்லவா? அந்த வேலையை அவர் விடவே இல்லை. நினைவை எதற்காகக் காப்பது என்பதை மட்டும் மாற்றினார்.

எல்லாத் தாய்களும் ஃபெலீச்சா அல்ல. அதையும் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதக் கூடாது.

ரீத்தா ஆத்ரியா 1974இல் பார்தன்னா என்ற ஊரில் பிறந்தாள். அவளுக்குப் பதினொரு வயதில் மாஃபியாக்காரரான தந்தை வீத்தோ கொல்லப்பட்டார். பழி வாங்கும் பொறுப்பு அண்ணன் நிக்கோலாவுக்கு வந்தது. அவன் தங்கைக்கு எல்லா ரகசியங்களையும் சொன்னான். 1991 ஜூனில் மனைவி பியேரா அயெல்லோவின் கண்ணெதிரே அவனையும் சுட்டுக் கொன்றார்கள். பியேரா சாட்சி சொல்லத் துணிந்தார். சில மாதங்களில் பதினேழு வயது ரீத்தாவும் நீதிபதி பாவ்லோ போர்செல்லினோவிடம் போனாள். காதலன் உறவை முறித்தான். தாய், மகளே இல்லை என்றார். அண்ணியும் நாத்தனாரும் வேறு பெயர்களில் ரோமில் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1992 ஜூலை 19 அன்று போர்செல்லினோ பலேர்மோவில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். சரியாக ஒரு வாரத்தில், ஜூலை 26 அன்று, ரீத்தா ரோமில் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தாள். அவளுக்கு இன்னும் பதினெட்டு நிரம்பவில்லை.

ஊர் சவ ஊர்வலத்துக்கு வரவில்லை. பலேர்மோவிலிருந்து வந்த பெண்கள் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். தாயும் வரவில்லை. சில மாதங்கள் கழித்துக் கல்லறைக்கு வந்த தாய், மகளின் படம் பதித்த கல்லைச் சுத்தியலால் உடைத்தார்.

அந்தத் தாயை என்ன சொல்வது? அரக்கி என்று சொல்லிக் கடந்துவிடலாம். பத்திரிகைகள் அப்படித்தான் கடந்தன. கணவனையும் மகனையும் பறிகொடுத்த அவரிடம் மிச்சமிருந்தது குடும்பத்தின் பெயர் மட்டுமே. அந்தப் பெயரைக் காப்பதற்குத்தான் அவர் வளர்க்கப்பட்டிருந்தார். அவர் செய்ததை மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போன பிறகும் அந்த அமைப்பு சாகாமல் இருந்தது எப்படி என்பதற்கு அந்தச் சுத்தியல்தான் விடை. தந்தைவழிச் சட்டத்தின் கடைசிக் காவலாளியாக ஒரு தாயை நிறுத்திவிட்டுத்தான் ஆண்கள் கல்லறைக்குப் போகிறார்கள்.

சிசிலி மாஃபியாவில் ஆள் சேர்ப்பில் இரத்த உறவு கட்டாயமில்லை. கலாப்ரியாவின் எந்த்ராங்கெத்தாவோ இரத்த உறவின் மேலேயே கட்டப்பட்டது. தந்தையையும் மாமனையும் காட்டிக்கொடுக்காமல் யாரும் அங்கே சாட்சி சொல்ல முடியாது. அந்த அமைப்பின் பலம் அதுதான். சான் லூக்கா என்ற ஊரில் 1991 கார்னிவல் திருவிழாவில் இளைஞர்கள் முட்டை வீசிய சண்டை இரு குடும்பங்களின் பகையானது. 2006 கிறிஸ்துமஸ் அன்று ஒரு பெண் சுடப்பட்டு இறந்தார். 2007 ஆகஸ்ட் 15 அன்று ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் ஓர் உணவகத்தின் வெளியே ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவன் அன்றுதான் தன் பதினெட்டாவது பிறந்த நாளைக் கொண்டாடியிருந்தான். முட்டை வீசப்பட்டபோது அவன் கைக்குழந்தை.

லேயா கரோஃபலோ பிறந்ததும் ரீத்தா பிறந்த அதே 1974இல்தான். கலாப்ரியாவின் பெத்தீலியா பொலிகாஸ்த்ரோ அவர் ஊர். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தை கொல்லப்பட்டார், 2005இல் அண்ணன். தன் மகளாவது இதிலிருந்து வெளியேற வேண்டும் என்று 2002இல் சாட்சி சொல்லத் தொடங்கினார். 2009 நவம்பர் 24 அன்று, மகளின் படிப்பைப் பற்றிப் பேசலாம் என்று மிலானுக்கு வரவழைத்து, மகளின் தந்தை கார்லோ கோஸ்கோ அவரைக் கொல்ல ஏற்பாடு செய்தார். மகள் தெனீசே தந்தைக்கு எதிராகச் சாட்சி சொன்னார். கோஸ்கோவுக்கு ஆயுள் தண்டனை. 2013 அக்டோபரில் லேயாவின் இறுதிச் சடங்கு மிலான் நகரின் சதுக்கத்தில், ஆயிரக்கணக்கானோர் முன்னால் நடந்தது. தெனீசேயின் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது. முகத்தை வெளியே காட்ட முடியாது. தாயிடமிருந்து அவர் பெற்ற சீதனம் துணிவு. அதற்குக் கொடுத்த விலை தன் பெயரும் ஊரும்.

ரொசார்னோ ஊரின் மரியா கொன்செத்தா கச்சோலா 2011இல் சாட்சி சொல்லப் போனபோது தன் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுப் போனார். அந்தப் பிள்ளைகளைக் காட்டியே உறவினர்கள் அவரைத் திரும்ப வரவழைத்தார்கள். அந்த ஆகஸ்டில் அமிலத்தால் அவர் இறந்தார். பெற்றோரும் சகோதரனும் பின்னர் அவரைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள்.

பிள்ளைகள்தான் இந்தச் சொத்தின் பூட்டும் சாவியும் என்பதை நீதிபதி ரொபெர்த்தோ தி பெல்லா புரிந்துகொண்டார். ரெஜ்ஜோ கலாப்ரியாவின் சிறார் நீதிமன்றத்தில், தான் முன்பு தண்டித்தவர்களின் தம்பிகளும் பிள்ளைகளும் இப்போது தன் முன்னால் நிற்பதை அவர் பார்த்தார். 2012 முதல், குற்றத்துக்குள் இழுக்கப்படும் சிறார்களை அந்தக் குடும்பங்களிலிருந்து விலக்கி வேறு ஊரில் படிக்க வைக்கும் உத்தரவுகளைப் பிறப்பித்தார். பிள்ளைகளைப் பறிக்கிறார் என்று கடும் எதிர்ப்பு வந்தது. அந்த எதிர்ப்பைத் தள்ளிவிட முடியாது. ஏழைகளிடமிருந்தும் சிறுபான்மையினரிடமிருந்தும் பிள்ளைகளைப் பிரித்த அரசுகளின் வரலாறு நமக்குத் தெரியும். ஆனால் சிறிது காலத்தில் அவரிடம் தாய்மார்கள் சிலர் தாங்களாகவே வந்தார்கள். என் மகனையும் எடுத்துக்கொண்டு போங்கள், முடிந்தால் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டார்கள். அந்தத் திட்டத்துக்குத் 'தேர்வு செய்யும் சுதந்திரம்' என்ற பொருளில் பெயர் வைக்கப்பட்டது.

அந்தத் தாய்மார்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. குற்றக் கதைகளில் அவர்களுக்கு இடமில்லை. சுடப்பட்டவன் கதை ஆவான். சுடாமல் வளர்க்கப்பட்டவனைப் பற்றி யார் படம் எடுக்கிறார்கள்? எங்கோ வட இத்தாலியின் ஒரு சிறு ஊரில், ஒரு பையன் தன் பாட்டன் யாரால் கொல்லப்பட்டார் என்று தெரியாமலேயே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கலாம். பக்கத்து அறையில் இருக்கும் அவன் தாய்க்கு அந்தப் பெயர் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை.