மைட்டோகாண்ட்ரியா

செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் ஆக்கும் நுண்ணுறுப்புக்கு 1898-இல் ஜெர்மானியரான கார்ல் பெண்டா வைத்த பெயர். கிரேக்கத்தில் ‘மிட்டோஸ்’ என்றால் நூல், ‘கோண்ட்ரியோன்’ என்றால் சிறுமணி. நுண்ணோக்கியில் ஓரிடத்தில் நூலாகவும் இன்னோரிடத்தில் மணிமணியாகவும் தெரிந்தது, இரண்டையும் சேர்த்துவிட்டார். தமிழில் இழைமணி. இலங்கைப் பாடநூல்களில் நன்றாகப் பழகிய சொல்; தமிழ்நாட்டில் ஏனோ அவ்வளவாக ஒட்டவில்லை.

மூலச்சொல்லான ‘கோண்ட்ரோஸ்’ தானியமணியை மட்டுமல்ல, குருத்தெலும்பையும் குறிக்கும். குருத்தெலும்புச் செல்லுக்குக் கோண்ட்ரோசைட் என்று பெயர் வந்தது அதனால்தான். மூட்டுத் தேய்மானத்தில் இவ்விரு உறவுக்காரச் சொற்களும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது, ஆக்சிஜனும் குறைவு. அங்குள்ள செல் பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்துப் பிழைக்கிறது. ஆனாலும் இழைமணி பழுதானால் தப்ப வழியில்லை. ஆற்றல் குறையும்; ஆக்சிஜனிலிருந்து பிறந்து எதையும் தாக்கும் மூலக்கூறுகள் பெருகும். இந்தப் பெருக்கமே ஆக்சிஜனேற்ற அழுத்தம். முற்றினால், தான் உண்டாக்கிய, குருத்தெலும்பைத் தாங்கும் புரதமான இரண்டாம் வகைக் கொலாஜனையே வெட்டும் நொதிகளை அந்தச் செல் சுரக்கத் தொடங்கும். ஆக, முழங்கால் ‘தேய்ந்துபோச்சு’ என்று நாம் சொல்வது பாதி உண்மைதான். அரிப்பு உள்ளிருந்தும் நடக்கிறது.