முறுக்கிய இரண்டு ஒயர்

இந்தப் பதிவு கொஞ்சம் டெக்னிக்கலானது. ஆனால் எழுதுகிறவன் பி.காம். அதனால் தைரியமாக மேலே படிக்கலாம் :-)

குஜராத்தில் தொழிற்பேட்டை பக்கம் இருக்கும் கிளைகளில் வேலை பார்த்தால் சிறுதொழில் கடன் பைல்களோடுதான் பொழுது போகும். பைலோடு கொட்டேஷன் வரும். பாய்லர், பம்ப், டேங்க் என்று பெரிய தொகைகளெல்லாம் முடிந்தபிறகு கடைசிப் பக்கத்தில் கன்ட்ரோல் பேனல் சாமான்கள். அதில் 'ஐசோலேட்டட் ஆர்.எஸ்-485' என்று ஒரு வரி இருக்கும். ப்ராஜெக்ட் செலவைக் குறைக்கச் சொன்னால் முதலாளிகள் முதலில் அடிப்பது அந்த வரியைத்தான். "சாதாரணதே போதும் சார், அதிலும் டேட்டா போகத்தானே செய்யும்?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல அறுபது வருடத்துக்கும் மேலான ஒரு கதை தெரிய வேண்டும். நான் படித்ததையும், பேனல் வேலை செய்யும் இன்ஜினியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில், ட்ரான்ஸீவர் என்றால் என்ன? டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் சேர்ந்த ஒரு சின்ன சிப். நம் ஆபீஸ் பாஷையில் சொன்னால் டெஸ்பாட்ச் குமாஸ்தா. உள்ளே எழுதும் கடிதத்தை வெளியூர்ப் பயணம் தாங்கும்படி கவரில் போட்டு அனுப்புவதும், வெளியிலிருந்து வரும் தபாலைப் பிரித்து உள்ளே கொடுப்பதும் அவர் வேலை. மெஷினுக்குள் இருக்கும் மூளை 5 வோல்ட் அல்லது அதற்கும் குறைவான மின்சாரத்தில் 1, 0 என்று பேசுகிறது. அந்த மெல்லிய பேச்சை ஒயரில் ஏற்றி, ஷெட்டின் அடுத்த கோடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ட்ரான்ஸீவர் வேண்டும். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குத் தேவையில்லை. போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் டெலிபிரிண்டர்கள் கரண்ட் ஓடினால் 1, நின்றால் 0 என்று பேசிக்கொண்டன. 1960ல் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் தொழில் சங்கமான ஈ.ஐ.ஏ. ஒரு தர வரையறை வெளியிட்டது. அதுதான் ஆர்.எஸ்-232. டெலிபிரிண்டரையும் மோடத்தையும் இணைப்பது அதன் நோக்கம். 1969ல் வந்த அதன் 'சி' பதிப்புதான் உலகமெங்கும் பரவியது. ஒயரில் மைனஸ் வோல்ட் இருந்தால் 1, பிளஸ் வோல்ட் இருந்தால் 0. (கணக்குப் படித்தவனுக்கு இங்கேயே தலை சுற்றும்.) சிபாரிசு செய்யப்பட்ட கேபிள் நீளம் 50 அடி, சுமார் 15 மீட்டர்.

இதற்கு மோட்டோரோலாவின் 1488, 1489 என்ற சிப்கள் இருந்தன. ஒன்று அனுப்பும், ஒன்று வாங்கும். அனுப்புகிற சிப்புக்கு பிளஸ் 12, மைனஸ் 12 என்று தனித்தனி சப்ளை கொடுக்க வேண்டும். 1987ல் மேக்ஸிம் கம்பெனி மேக்ஸ்232 என்ற சிப்பைக் கொண்டுவந்தது. வெளியிலிருந்து 5 வோல்ட் மட்டும் கொடுத்தால் போதும், நான்கு கெப்பாசிட்டர்களின் துணையோடு பிளஸ்ஸையும் மைனஸையும் தானே தயாரித்துக்கொள்ளும். சப்ளைச் செலவு மிச்சமானதால் சின்னச் சின்னக் கருவிகளிலெல்லாம் அது குடியேறியது.

கோர் பேங்கிங்குக்கு முந்தைய கிளைகளை நினைவிருக்கும் வங்கி நண்பர்களுக்கு இந்த ஆர்.எஸ்-232 பழைய உறவுக்காரர்தான். நடுவில் ஒரு யூனிக்ஸ் சர்வர், அதிலிருந்து ஒவ்வொரு கவுண்டருக்கும் சீரியல் கேபிள், மறுமுனையில் பச்சை எழுத்து டெர்மினல். ஒரே ஹால், ஒரே யு.பி.எஸ்., ஒரே எர்த். அதனால் பிரச்சினையில்லாமல் ஓடியது.

தொழிற்சாலை அப்படியில்லை. 1968 ஜனவரி 1ஆம் தேதி டிக் மார்லி என்ற அமெரிக்க இன்ஜினியர், ரிலே போர்டுகளுக்குப் பதிலாக ப்ரோக்ராம் செய்யக்கூடிய கன்ட்ரோலர் ஒன்றுக்கான யோசனையை எழுதிவைத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் மோடிகான் 084 என்ற பி.எல்.சி. மெஷினுக்கு ஒரு மூளை வந்தால் அடுத்து மூளைகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். 1979ல் மோடிகான் அதற்காக மோட்பஸ் என்ற பேச்சுமுறையை வெளியிட்டது. மொழி தயார். ஆனால் ஒயர்?

ஆர்.எஸ்-232ல் வோல்டேஜை எர்த்தோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். அனுப்புகிறவர் தன் எர்த்தைப் பூஜ்யமாக வைத்துப் பேசுகிறார், வாங்குகிறவர் தன் எர்த்தைப் பூஜ்யமாக வைத்துக் கேட்கிறார். பெரிய ஷெட்டில் இந்த இரண்டு பூஜ்யமும் ஒன்றல்ல. பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆனால், வெல்டிங் நடந்தால், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எர்த்திலேயே சில வோல்ட் வித்தியாசம் வந்துவிடும். ஓப்பனிங் பேலன்ஸே வேறாக இருக்கும் இரண்டு லெட்ஜர்களை டேலி செய்கிற கதைதான்.

இதற்கான மருந்து டெலிபோன்காரர்களிடம் எப்போதோ இருந்தது. அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் 1881லேயே இரண்டு ஒயரை ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டுவதற்கு பேட்டன்ட் வாங்கிவிட்டார். சிக்னலை ஒரு ஒயரில் அனுப்பாமல் இரண்டு ஒயரில் எதிரெதிராக அனுப்ப வேண்டும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். வாங்குகிற சிப் எர்த்தைப் பார்ப்பதில்லை, இரண்டு ஒயருக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் முறுக்கிய இரண்டு ஒயரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும், கழித்துப் பார்த்தால் காணாமல் போய்விடும்.

டெபிட்டிலும் கிரெடிட்டிலும் ஒரே தொகை தவறுதலாக ஏறிவிட்டால் ட்ரையல் பேலன்ஸ் அதைக் காட்டிக்கொடுக்காது என்று காலேஜில் படித்திருக்கிறோம். எங்கள் தொழிலில் அது ஆபத்து. இவர்கள் தொழிலில் அதே குறைதான் உயிர் காக்கிறது!

இந்த அடிப்படையில் 1975ல் ஆர்.எஸ்-422 வந்தது. ஒருவர் பேச, பத்து பேர் வரை கேட்கலாம். 1983ல் வந்த ஆர்.எஸ்-485ல் ஒரே ஜோடி ஒயரில் 32 பேர் முறைவைத்துப் பேசலாம், கேட்கலாம். தூரம் சுமார் 1200 மீட்டர். அனுப்புகிறவர் குறைந்தது 1.5 வோல்ட் வித்தியாசத்தில் அனுப்ப வேண்டும், வழியில் தேய்ந்து 0.2 வோல்ட்டாக வந்தாலும் வாங்குகிறவர் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு எர்த்துக்கும் சுமார் 7 வோல்ட் வரை வித்தியாசம் இருந்தாலும் சமாளிக்க வேண்டும். இந்த 7ஐ நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

அதே 1983ல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி கார்களுக்காக கேன் என்ற முறையைத் தொடங்கி 1986ல் டெட்ராய்ட்டில் அறிமுகம் செய்தது. அதிலும் முறுக்கிய இரண்டு ஒயர்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால், முக்கியமான செய்தி தொடரும், மற்றது தானாக விலகிக்கொள்ளும். ட்ரான்ஸீவரின் மின் அமைப்பிலேயே அந்த மரியாதை இருக்கிறது. வேகம் நொடிக்கு 10 லட்சம் பிட் என்றால் தூரம் 40 மீட்டர்தான். காருக்கு அது தாராளம். ஷெட்டுக்கு வேகத்தைக் குறைத்து தூரத்தை நீட்டிக்கொள்ளலாம்.

சரி, இவ்வளவு இருக்க, எந்த சிப்பை எடுப்பது? வேகமானதை எடுத்தால் நல்லது என்றுதான் நமக்குத் தோன்றும். சரித்திரம் வேறு சொல்கிறது. மேக்ஸ்485 நொடிக்கு 25 லட்சம் பிட் அனுப்பும். அதே குடும்பத்து மேக்ஸ்487ஐ வேண்டுமென்றே இரண்டரை லட்சத்துக்கு மட்டுப்படுத்தினார்கள். காரணம், சிக்னல் சடாரென்று ஏறி இறங்கினால் ஒயரின் கோடியில் மோதி எதிரொலிக்கும், பக்கத்துக் கருவிகளுக்கும் தொல்லை. மெதுவாக ஏறி இறங்கும் சிப்பில் இந்தத் தொல்லை குறைவு. மோட்பஸ் மீட்டர்கள் பெரும்பாலும் பேசும் வேகம் 9600 பிட்தான். அதற்கு எதற்கு ரேஸ் குதிரை? மேக்ஸ்487 லைனுக்குத் தரும் பாரமும் கால் பங்குதான். அதனால் 32 பேருக்குப் பதில் 128 பேரைக் கோர்க்கலாம்.

அடுத்தது மௌனம். யாருமே பேசாதபோது இரண்டு ஒயருக்கும் வித்தியாசம் பூஜ்யம். அதை 1 என்பதா 0 என்பதா என்று பழைய சிப்புக்குத் தெரியாது, இல்லாத செய்தியைக் கேட்டதாக உளறும். அதைத் தடுக்க பேனல்காரர்கள் வெளியே ரெசிஸ்டர் போட்டார்கள். பின்னால் வந்த 'ஃபெயில் சேஃப்' சிப்களில் மௌனத்தை 1 என்றே எடுத்துக்கொள்ளும்படி உள்ளேயே மாற்றிவிட்டார்கள்.

கடைசியாக, முதலாளிகள் அடிக்கும் அந்த வரி. ஐசோலேஷன் என்றால் ஒயர் பக்கத்துக்கும் மெஷின் பக்கத்துக்கும் உலோகத் தொடர்பே இல்லாமல் செய்வது. முதலில் ஒளி மூலம் செய்தார்கள், சிப்புக்குள் ஒரு குட்டி விளக்கும் அதைப் பார்க்கும் ஒரு கண்ணும். 2000களில் சிப்புக்குள்ளேயே மிகச்சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் காந்தப்புலம் மூலம் அனுப்பும் முறையும் பரவியது. 7 வோல்ட் எல்லை சாதாரண சிப்புக்கு. ஐசோலேட்டட் சிப் இரண்டு எர்த்துக்கும் இடையே நூற்றுக்கணக்கான வோல்ட் வந்தாலும் தாங்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டில் இது வெறும் பாடமாக இல்லை. சாயப்பொருள் தயாரிக்கும் இடம். கழிவுநீர் சுத்திகரிப்பு காம்பவுண்டின் பின்கோடியில், டேட்டா லாகர் முன்பக்க ஆபீஸில். 2014ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தங்கள் கழிவை ஆன்லைனில் கண்காணிக்க ஏற்பாடு செய்யும்படி மாநில வாரியங்கள் மூலம் உத்தரவிட்டது. பி.எச். மீட்டரும் ஃப்ளோ மீட்டரும் சொல்வது ஆர்.எஸ்-485 ஒயரில் லாகருக்கு வந்து, அங்கிருந்து சர்வருக்குப் போக வேண்டும். இவர்கள் போட்டிருந்தது சாதாரண சிப். ஒரு மழைக்காலத்தில் எங்கோ பக்கத்தில் இடி விழுந்தது. பம்ப் ஓடியது, டேங்க் நிறைந்தது, சுத்திகரிப்பு ஒழுங்காக நடந்தது. ஆனால் ஒயரின் இரண்டு கோடியிலும் ட்ரான்ஸீவர்கள் கருகிவிட்டன. மீட்டர் போர்டும் கூடவே போயிற்று, ஸ்பேர் வர நாளாயிற்று. டேட்டா வராததற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. கழிவுநீர் சுத்தமாகத்தான் போயிற்று என்று காட்ட அவர்களிடம் ஒரு எண்ணும் இல்லை. உற்பத்தியை நிறுத்திவைத்தார்கள். வட்டி மட்டும் நிற்கவில்லை. தினக்கூலிக்காரர்கள் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை.

நேரடியாக இடி விழுந்தால் ஐசோலேஷன் மட்டும் காப்பாற்றாது, சர்ஜ் ப்ரொடெக்டரும் ஒழுங்கான எர்த்திங்கும் தனியாக வேண்டும். ஆனால் தூரத்து இடிக்கும் எர்த் வித்தியாசத்துக்கும் அந்த ஒரு வரிதான் காப்பு. நாம் இன்ஷூரன்ஸ் இல்லாத சரக்குக்குக் கடன் கொடுப்பதில்லை. இதுவும் இன்ஷூரன்ஸ்தான், பிரீமியம் ஒரே தவணை.

ஈதர்நெட் வந்தபிறகு இதெல்லாம் பழங்கதை இல்லையா என்று கேட்கலாம். சாதாரண ஈதர்நெட் கேபிள் 100 மீட்டரோடு நின்றுவிடும், நான்கு ஜோடி ஒயர் வேறு. 2019ல் நிறைவேறிய புதிய ஈதர்நெட் வரையறை, ஒரே ஜோடியில் 1000 மீட்டர் வரை நொடிக்கு 1 கோடி பிட் அனுப்ப வழிசெய்தது. புதிதாகப் பெரிய ப்ளான்ட் போடுகிறவர்கள் அதைப் பார்க்கலாம். ஏற்கெனவே மோட்பஸ் மீட்டர் நிறைந்த சின்ன யூனிட்டுக்கு நல்ல ஆர்.எஸ்-485 போதும். எது போட்டாலும் உள்ளே போவது பெல் முறுக்கிய அதே இரண்டு ஒயர்தான்.

பிள்ளைகள் இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. சிப்பின் டேட்டா ஷீட்டில் எல்லோரும் முதலில் தேடுவது வேகத்தை. அதைக் கடைசியில் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம், எத்தனை கருவி, இரண்டு கோடியிலும் எர்த் எப்படி, யாரும் பேசாதபோது என்ன ஆகும், இவற்றைக் கேட்டுவிட்டு வேகத்துக்கு வந்தால், அநேகமாகக் கையில் இருப்பது மெதுவான சிப்பாகத்தான் இருக்கும். அது சரியான சிப்பாகவும் இருக்கும்.