ஈயக் குண்டின் தூரம்

செப்டெம்பர் பிறந்துவிட்டால் சுவிற்சர்லாந்தின் றெஸ்ரோறன்ற் குசினிகளில் வேட்டை இறைச்சிக் காலம் தொடங்கிவிடும். கோப்பை கழுவுவதில் ஆரம்பித்து, மரக்கறி வெட்டி, இறைச்சி மேசைவரை வந்து சேர்ந்த எங்களுக்கு ஆண்டின் கடுமையான மாதங்கள் அவை. சிறுமான், செம்மான், காட்டுப்பன்றி எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும்.

அப்படியான ஒரு மாலையில் சிறுமானின் முன்தொடையைச் சீர்செய்துகொண்டிருந்தபோது கத்தி எதிலோ தட்டுப்பட்டது. எள்ளிலும் சற்றுப் பெரிய, சாம்பல் நிறமான ஒரு துண்டு. அதைச் சுற்றி மேலும் சில துகள்கள். பக்கத்து மேசையில் நின்ற நண்பர் வன்னியில் காட்டோரக் கிராமமொன்றிலே பிறந்தவர். அதை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தார். "அண்ணை, இது ஈயம். இந்தக் காலத்து றைபிள் ரவை. இடியன் குண்டெண்டால் இப்பிடித் தூள் பறக்காது" என்றார். ஷெஃப் அந்த இடத்தை அகலமாக வெட்டி எறியச் சொன்னார். வேலை தொடர்ந்தது.

அந்த ஒரு வசனம் எங்களை விடவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டோடு நின்றுபோன படிப்பு எங்களிடம் மிச்சம் வைத்தது ஒரு பழக்கத்தை மட்டும்தான்: ஒன்று பிடிபடாவிட்டால் நூலகத்துக்குப் போவது. லீவு நாட்களில் தேடி வாசித்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம். துவக்கைப் பற்றிப் பேச இன்னும் என்ன இருக்கிறது என்று வாசகர்கள் சிலர் முகம் சுழிக்கக்கூடும். துவக்கினால் ஊரிழந்தவர்கள் நாங்கள். அதனாலேயே இதை எழுத வேண்டுமென்று தோன்றியது.

இடியன் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது வாய்வழியாக மருந்து இட்டுச் சுடும் துவக்கை. குழலின் வாய்க்குள் கரிமருந்தைக் கொட்டி, அதன்மேல் குண்டை வைத்து, கோலால் இடித்து இறுக்க வேண்டும். இடிப்பதனால் இடியன். ஒரு வெடி வைத்த பின் அடுத்த வெடிக்கு மீண்டும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்குள் மான் காட்டுக்குள் மறைந்துவிடும். ஆகவே இந்தத் துவக்குடன் காட்டுக்குப் போன எவனும், எந்த நாட்டவனாயினும், ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது: அந்த ஒற்றை வெடிக்கு எந்தக் குண்டு?

முதலில் இருந்தது உருண்டை. உருண்டையின் கணக்கு எளிமையானது, ஆனால் கொடுமையானது. விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் நிறை எட்டு மடங்காகும். 11.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஈய உருண்டை ஏறத்தாழ 8 கிராம். 12.4 மில்லிமீற்றர் என்றால் 11 கிராமுக்குச் சற்று மேல். 13.5 மில்லிமீற்றர் என்றால் 14 கிராமைத் தாண்டிவிடும். ஓரிரு மில்லிமீற்றர் வித்தியாசம்தான் மானுக்குப் போதுமான குண்டையும் அதைவிடப் பெரிய விலங்குக்கான குண்டையும் பிரிக்கிறது. பழைய ஆங்கிலேயர் துவக்கின் வாயை அளந்ததே இந்த நிறையால்தான். ஓர் இறாத்தல் ஈயத்தில் அந்தக் குழலுக்குப் பொருந்தும் உருண்டைகள் பன்னிரண்டு வார்க்க முடிந்தால் அது 12ஆம் இலக்கத் துவக்கு. இன்றைய ஷொட்கன்களின் இலக்கமும் இந்தக் கணக்கின் மிச்சமே.

உருண்டைக்கு ஒரு குறை உண்டு. காற்று அதை வெகுவிரைவில் தடுத்துவிடும். நல்ல வேகத்தில் புறப்படும் 12 மில்லிமீற்றர் உருண்டை 100 மீற்றர் போவதற்குள் தன் வேகத்தில் பாதியளவை இழந்துவிடுகிறது. ஆகவே உருண்டையைத் தெரிவு செய்தவன் கிட்டப் போக வேண்டும். காற்றின் திசை பார்க்க வேண்டும், காய்ந்த சருகில் கால் வைக்காமல் நடக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். கிட்டப் போனால் அந்த மென்மையான ஈயம் உடம்பில் தட்டையாகி, அகன்று, தன் வேலையைச் செய்யும். குண்டைத் தெரிவு செய்வதென்பது உண்மையில் தூரத்தைத் தெரிவு செய்வதுதான் என்பது இந்த இடத்தில் எங்களுக்கு விளங்கியது.

இந்த உருண்டையின் கதையில் நாங்கள் இப்போது வாழும் நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மதத்தின் பேரால் துரத்தப்பட்ட சுவிஸ் மெனோனைற்றுகள் 1710 முதல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லங்காஸ்ரர் பகுதியில் குடியேறினார்கள். போரும் வறுமையும் விரட்டிய ஜேர்மன் மொழி பேசும் மக்கள் பலர் அவர்களைத் தொடர்ந்தார்கள். அப்படிப் போனவர்களில் துவக்குக் கொல்லர்களும் இருந்தார்கள். அவர்கள் கொண்டுபோனது 'யேகர்' எனப்பட்ட கட்டையான, வாயகன்ற வேட்டைத் துவக்கு. உள்ளே சுருளாக வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குழலைவிடச் சற்றுச் சிறிய குண்டைக் கொழுப்புத் தடவிய துணித்துண்டில் சுற்றி இறக்குவார்கள். துணி பள்ளத்தைப் பற்ற, குண்டு சுழன்றுகொண்டு நேராகப் போகும்.

புதிய நாட்டில் ஈயம் அரியது. கடை பல நாள் நடைத் தூரம். எனவே அவர்களும் அவர்களது பிள்ளைகளும் குழலை நீட்டினார்கள், வாயைச் சிறிதாக்கினார்கள். 15 மில்லிமீற்றர் உருண்டையானால் ஓர் இறாத்தல் ஈயத்துக்கு 22 குண்டு. 11.2 மில்லிமீற்றரானால் 54. வெள்ளைவால் மானுக்கு அது போதும். அகதியாகப் போனவன் கையிலிருந்ததைப் புதிய இடத்தின் தேவைக்கேற்ப இழைத்துக்கொண்டான். நாங்கள் சோயா சோஸில் குழம்பு வைக்கப் பழகியது போலத்தான்.

ஆனால் மானுக்குப் போதுமானது கரடிக்குப் போதவில்லை. 1804 முதல் 1806 வரை அமெரிக்காவின் மேற்குக்குப் போன லூயிஸ், கிளார்க் குழுவினர் இதை நேரில் கண்டார்கள். லூயிஸ் வெடிமருந்தை 52 ஈயப் பேணிகளில் அடைத்துக் கொண்டுபோனார். ஒவ்வொன்றிலும் 4 இறாத்தல் மருந்து. பேணியின் ஈயம் 8 இறாத்தல். மருந்து முடிந்ததும் பேணியை உருக்கினால் அந்த மருந்துக்கு வேண்டிய குண்டுகள் கிடைக்கும். இவ்வளவு யோசித்துப் போனவர்கள் 1805 மே மாதத்தில் ஒரு பழுப்புக் கரடியை வீழ்த்தப் பத்துக் குண்டுகள் செலவிட்டார்கள். அவற்றில் ஐந்து நுரையீரலைத் துளைத்தவை. பின்னர் மேற்கு மலைகளுக்குப் போனவர்களுக்காக சென் லூயிஸ் நகரில் ஹோக்கன் சகோதரர்கள் செய்த துவக்குகள் மீண்டும் 13 மில்லிமீற்றரை ஒட்டி அகன்றதில் வியப்பில்லை.

பெரிய விலங்குக்கு வாயை அகலமாக்குவது ஒரு வழி. குண்டை நீளமாக்குவது மற்ற வழி. ஒரே குழலில் கூர்முனையுள்ள நீளக் குண்டு உருண்டையின் இரு மடங்கு நிறையும் வரும், வேகத்தையும் எளிதில் இழக்காது. ஆனால் இந்த வழியைத் திறந்தவர்கள் வேட்டைக்காரரல்லர், படையினர். பிரித்தானியக் கப்டன் நோர்ட்டன் என்பவர் தென்னிந்தியாவில் பணிபுரிந்தபோது அங்குள்ளவர்களின் ஊதுகுழல் அம்புகளைக் கண்டார் என்றும், அவற்றின் அடியில் வைக்கப்பட்ட தாமரைத் தண்டின் மெதுமெதுப்பான உட்பகுதி ஊதும்போது விரிந்து குழலை அடைப்பதைக் கவனித்தார் என்றும் துவக்கு வரலாறுகள் சொல்கின்றன. அடிப்பகுதி குடைந்த ஈயக் குண்டு அந்த யோசனையில் பிறந்தது. அவருடைய அரசு அதை ஏற்கவில்லை. 1849இல் பிரெஞ்சு அதிகாரி மினியே இவ்வகைக் குண்டை நிலைநிறுத்தினார். குழலைவிடச் சிறியதாதலால் துணி தேவையில்லை, இடிக்கத் தேவையில்லை, வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். வெடித்ததும் அடி விரிந்து வரிப்பள்ளத்தைப் பற்றும். பல நூறு மீற்றருக்கு அப்பாலுள்ள மனிதனை, அவன் முகம் தெரியாமலே, சுட முடிந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இந்தக் குண்டு எலும்பை நொறுக்கிய விதத்தினால் கை கால்களை வெட்டி அகற்றுவது மருத்துவர்களின் அன்றாட வேலையாயிற்று.

இதே காலத்தில் எங்கள் தீவிலும் இந்தத் தெரிவு நடந்துகொண்டிருந்தது. 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் யானை வேட்டைக்கென வைத்திருந்த வாய்வழித் துவக்கின் நிறை 21 இறாத்தல். பிறிஸ்ரலில் 1840இல் செய்யப்பட்டது. அதற்கு இரண்டு வகைக் குண்டுகள்: வரிப்பள்ளத்தில் பொருந்த இடுப்பைச் சுற்றிப் பட்டிபோட்ட உருண்டை 3 அவுன்ஸ், கூர்க்குண்டு 4 அவுன்ஸ். மருந்து மட்டும் ஓர் அவுன்ஸ். அக்கால வேட்டைக்காரர் மானுக்குத் தனி ஈயமும், யானையின் மண்டையோட்டுக்கு வெள்ளீயமோ பாதரசமோ கலந்து இறுக்கிய ஈயமும் வார்த்தார்கள். மென்மையானது அகலும், இறுகியது ஆழப் போகும். இந்த அறிவெல்லாம் தீவின் யானைக் கூட்டங்களை அழிக்கப் பயன்பட்டது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 1845இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றோஜர்ஸ் 1,400 யானைகளுக்குமேல் கொன்றதாகச் சொல்லப்படுகிறது.

எனினும் அந்த வெள்ளையர்களிலேயே ஒருவர் படையினரின் குண்டு காட்டுக்கு ஆகாதென்று வாதிட்டார். மத்திய இந்தியக் காடுகளில் பணிபுரிந்த கப்டன் ஜேம்ஸ் போர்சைத் 1860களின் தொடக்கத்தில் வேட்டைத் துவக்கின் குண்டுகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கனத்த கூர்க்குண்டு வளைந்து பறக்கிறது. தூரத்தைச் சற்றே பிழையாகக் கணித்தாலும் விலங்கின் மேலாகவோ காலிலோ போகிறது. காயப்பட்ட விலங்கு தப்பிப் போய்ச் சாகிறது. ஆகவே அகன்ற உருண்டை, மிகுந்த மருந்து, மெதுவாகச் சுழலும் வரிப்பள்ளம் என்பது அவர் முடிவு. சுருள் இறுக்கமாயிருந்தால் மிகுந்த மருந்துக்கு உருண்டை பள்ளத்தைப் பற்றாமல் வழுக்கிவிடும் என்பதனாலேயே மெதுவான சுருளைக் கேட்டார். வேட்டை தூரத்தில் நடக்கும் காரியமல்ல என்பதுதான் அவரது வாதத்தின் அடி.

சட்டமும் இரண்டு பாதைகளில் போயிற்று. 400 கிராமுக்குக் குறைந்த வெடிகுண்டுகளைப் போரில் பயன்படுத்துவதை 1868இல் சென் பீற்றர்ஸ்பேர்க் பிரகடனம் விலக்கியது. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் தொழிற்சாலையில் 1890களில் செய்யப்பட்ட, உடம்பில் விரியும் ரவை உலகப் புகழ்பெற்ற பின், 1899இல் ஹேக் மாநாடு அவ்வகை ரவையைப் போரில் தடை செய்தது. ஆனால் இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டமோ றைபிளால் மான் சுடுபவன் உடம்பில் விரியும் ரவையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. போரில் அது கொடுமை, காட்டில் அது கருணை. முதலில் வாசித்தபோது இது எங்களுக்குப் பரிகாசமாகப் பட்டது. யோசித்தால் நியாயம் தெரிகிறது. விலங்கைச் சுடுபவன் கொல்லவே சுடுகிறான். விரைவாகக் கொல்வது அவன் கடமை. போரில் காயப்பட்டு விழுந்தவனை அதற்குமேல் வதைக்க எவருக்கும் உரிமையில்லை என்பதே அந்தத் தடையின் பொருள். அந்த வசனம் எங்கள் மண்ணில் எப்படிக் கடைப்பிடிக்கப்பட்டது என்பதை வாசகர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

வட அமெரிக்காவில் இன்றும் வாய்வழித் துவக்குக்கென்றே தனி வேட்டைப் பருவங்கள் உண்டு. பென்சில்வேனியாவில் சக்கிமுக்கித் துவக்குக்கான பருவம் 1974இல் ஆரம்பித்தது. 1985இல் புதுவகை வாய்வழித் துவக்குகள் சந்தைக்கு வந்தபின், பிளாஸ்ரிக் கிண்ணத்தில் வைத்த சிறு ரவை உருண்டையைப் பின்தள்ளியது. 'சாபோ' என்று அதற்குப் பெயர். தூரம் மீண்டும் நீண்டது. கொலராடோ மாநிலம் அந்தக் கிண்ணத்தைத் தடுத்து, மானுக்கு 10 மில்லிமீற்றர் வாயும் எல்க் எனப்படும் பெருமானுக்கு 12.7 மில்லிமீற்றர் வாயும் குறைந்த அளவென்று விதித்தது. கலிபோர்னியாவில் 2019 யூலை முதல் வேட்டையில் ஈயமே கூடாது. வேட்டைக்காரன் விட்டுச் சென்ற குடலைத் தின்ற கொண்டோர் கழுகுகள் ஈய நஞ்சினால் மடிந்தன. அங்கே இப்போது செப்புக் குண்டு. எங்கள் கத்தியில் தட்டுப்பட்ட துகள்களின் பொருள் அப்போதுதான் தெரிந்தது. வேகம் கூடினால் ஈயம் சிதறும், சிதறியது தின்பவனைச் சேரும். நண்பர் சொன்னது சரி. மெதுவாகப் போகும் பெரிய உருண்டை அவ்வளவாகச் சிதறுவதில்லை.

வாசித்ததையெல்லாம் அவருக்குச் சொன்னோம். வேலை முடிந்து, பின்கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். பழைய வலையின் ஈயத்தை உருக்கி அவரே குண்டு வார்ப்பாராம். "மானின்ரை கண் தெரியாட்டில் வெடி வைக்கக்கூடாது எண்டுவார், அண்ணை. கட்டுத்துவக்குக் கட்டுறவனோடை அவர் கதைக்கவே மாட்டார்."

கட்டுத்துவக்கை அறியாத இளைய வாசகர்களுக்காக: அது இடியனைப் போன்றதே. பன்றி போகும் பாதையில் கட்டி, விசையிலிருந்து ஒரு கயிற்றைக் குறுக்கே இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கயிற்றில் எது தட்டுப்படுகிறதோ அதன்மேல் வெடிக்கும். விறகுக்கும் தேனுக்கும் போனவர்கள் எத்தனையோ பேர் அதில் கால் இழந்திருக்கிறார்கள். சுட்டவன் அந்நேரம் வீட்டில் நித்திரை. பந்திலிருந்து கூருக்கும், கூரிலிருந்து இன்னும் தொலைவுக்கும் போன வழியெல்லாம் வந்து முடிவது அங்கேதான் என்று எங்களுக்குப் படுகிறது. சுடுகிறவன் அந்த இடத்திலேயே இல்லை.

தகப்பனின் இடியன் என்ன ஆனது என்று கேட்டோம். 2008இல் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது கிணற்றில் போட்டுவிட்டு வந்தார்களாம். குண்டு வார்க்கும் அச்சு மட்டும் கொஞ்சக் காலம் தகப்பனின் மடியில் இருந்ததாம். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உள்ளே அடுத்த நாளைக்கான மான் இறைச்சி வைனில் ஊறிக்கொண்டிருந்தது.