சௌடய்யாவின் ஏழு தந்தியும் ஒரு குட்டி ப்ரீஆம்பும்

இங்கே மைசூரில் போன பொங்கல் விழாவில் என் மகள் கிடார் வாசித்தாள். வீட்டில் கேட்டால் தேன். மேடையில் ஒயரைச் செருகியதும் தகர டப்பாவில் தட்டிய மாதிரி ஒரு சத்தம். கீழ்த் தந்திகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. மிக்சரில் இருந்தவர் சத்தத்தைக் கூட்டினார், உடனே ஸ்பீக்கர் ஊளையிட ஆரம்பித்தது. இறங்கி வந்து "நான் வாசிச்ச மாதிரியே இல்லப்பா" என்றாள். அதன்பின் இரண்டு வாரம் கிடார் உறையை விட்டு வெளியே வரவில்லை. தப்பு தன் விரலில்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நமக்குத் தெரிந்ததெல்லாம் வரவும் செலவும். பி.காம்.காரனுக்கு எலக்ட்ரானிக்ஸ் எங்கே தெரியும்? தோண்ட ஆரம்பித்தால், இதே தலைவலி இதே ஊரில் ஒருவருக்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்பே வந்திருக்கிறது. கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்ளுங்கள்.

மைசூர் டி. சௌடய்யா. 1895-இல் திருமகூடலில் பிறந்தவர். நம்ம காவிரி கபிலாவோடு சேருகிற இடம், மைசூரிலிருந்து பக்கம்தான். குரு பிடாரம் கிருஷ்ணப்பா. மைசூரில் அவர் கட்டிய பிரசன்ன சீதாராம மந்திரம் இன்றும் இருக்கிறது. சௌடய்யா வித்வானாகத் தலையெடுத்த 1920-களில் கச்சேரிக்கு மைக் கிடையாது. பாடகர் கட்டைக் குரலில் கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டிவிடுவார். பக்கத்தில் வாசிக்கும் வயலின் நாலாவது வரிசையோடு நின்றுவிடும். பின்னால் இருக்கிறவர்களுக்கு வில் அசைவது தெரியும், நாதம் கேட்காது.

அவர் செய்த வேலை என்ன தெரியுமா? நான்கு தந்தி வயலினில் மூன்று தந்திகளுக்குத் துணையாக, ஒரு ஸ்தாயி தள்ளி இன்னும் மூன்று சேர்த்தார். மொத்தம் ஏழு. ஒரு ஸ்வரத்தை இழுத்தால் இரண்டு தந்தி ஒன்றாகப் பேசும், இரண்டு ஸ்தாயியில். 12 தந்தி கிடாரில் கீழ்த் தந்திகளை ஜோடி சேர்ப்பதும் இதே கணக்குதான். ஆனால் வயலினில் கட்டை கிடையாது, ஒரே விரல் இரண்டு தந்தியையும் அழுத்தி, கமகம் போடும்போதும் இரண்டும் சுருதி பிசகாமல் நகர வேண்டும். வில்லையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். நினைத்தாலே எனக்கு விரல் வலிக்கிறது. குருவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை என்றும் சொல்வார்கள். பிறகு அந்த வயலினோடுதான் செம்பை வைத்தியநாத பாகவதருக்கும் மற்ற பெரியவர்களுக்கும் வாசித்தார். 1957-இல் சங்கீத கலாநிதி. 1967-இல் மறைந்தார். பெங்களூரில் வயலின் வடிவிலேயே அவர் பெயரில் மண்டபம் கட்டியிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள்.

எனக்கு இதில் ருசியான இடம் வேறு. அவர் காலத்திலேயே மைக் வந்துவிட்டது. மைசூரில் 1935-லேயே பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி தன் வீட்டில் வானொலி நிலையம் வைத்து அதற்கு 'ஆகாசவாணி' என்று பேர் வைத்துவிட்டார். சபாக்களிலும் ஒலிபெருக்கி ஏறியது. சத்தம் போதவில்லை என்கிற காரணம் அடிபட்டுப் போயிற்று. சௌடய்யா நான்கு தந்திக்குத் திரும்பினாரா? இல்லை. சத்தத்துக்காகப் போட்ட தந்தி அதற்குள் அவருடைய நாதமாக மாறிவிட்டது. பெருக்குவது என்றால் அளவை மட்டும் கூட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இங்கேதான் பொறி தட்டியது.

வீணைக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். வீணை வயலினைவிடச் சாது. ஈமனி சங்கர சாஸ்திரி, அவருடைய சீடர் சிட்டிபாபு போன்றவர்கள் காண்டாக்ட் மைக்கைக் கையில் எடுத்தார்கள். காற்றில் வரும் சத்தத்தைப் பிடிக்காமல், மரத்தின் அதிர்வையே பிடிக்கிற வில்லை. ஒரு மீட்டில் நாதம் நீண்டு நிற்கும், மென்மையாக மீட்டினாலும் போதும். 'இது வீணையே இல்லை, கம்பிச் சத்தம்' என்று ஒரு கட்சி, 'கடைசி வரிசைக்காரன் என்ன பாவம் செய்தான்' என்று ஒரு கட்சி. சண்டை இன்றும் ஓய்ந்தபாடில்லை. நான் கடைசி வரிசை கட்சி. ஆனால் முதல் கட்சி சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அந்த உண்மைக்குக் காரணம் பல நேரம் வில்லை இல்லை, அதற்கு அடுத்த ஒயர்.

சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கும் என்று 1880-இல் கண்டுபிடித்தவர்கள் பியர் க்யூரியும் அவர் அண்ணன் ழாக்கும். அதை வைத்து 1960-களில் அமெரிக்காவில் ஜான் பெர்ரி என்ற வயலின்காரரும் லெஸ் பார்கஸ் என்பவரும் பிக்கப் செய்தார்கள். அங்கேயும் வயலின்காரர்தான் பாருங்கள்! மகள் கிடாரில் பாலத்துக்கு அடியில் ஒளிந்திருப்பதும் அதே ஜாதிதான், பியஸோ.

இந்த பியஸோ, மாசக் கடைசியில் இருக்கும் சேமிப்புக் கணக்கு மாதிரி. இருப்பு கொஞ்சம். எடுக்கிறவன் பெரிய கையாக இருந்தால் காலி. பியஸோவின் கொள்ளளவு ஆயிரம் பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிக்சரின் லைன் நுழைவு 10 கிலோ ஓம். இரண்டையும் பெருக்கிக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 16,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் இறங்குமுகம், கீழே போகப் போக மோசம். கிடாரின் தடித்த தந்தி வெறும் 82 ஹெர்ட்ஸ். மெதுவாக அசைகிற ஸ்வரம், ஒரு சுற்று முடிப்பதற்குள் மின்னூட்டம் வடிந்துவிடுகிறது. அப்புறம் தகர டப்பா கேட்காமல் என்ன கேட்கும்? எலக்ட்ரிக் கிடாருக்கான 1 மெகா ஓம் பெட்டியில் செருகினால் எல்லை 160 ஹெர்ட்ஸுக்கு வரும், அப்போதும் தடித்த தந்தி பாதிக்கு மேல் போய்விடும். 10 மெகா ஓம் என்றால் 16 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே மனுஷன் காதுக்கே வேலையில்லை.

ஆக ப்ரீஆம்ப் வாங்கப் போனால் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை இல்லை, 'இன்புட் எத்தனை மெகா ஓம்?' என்பதை. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் 'ஸ்டுடியோ தரம்' போன்ற வசனங்களை விட்டுத் தள்ளுங்கள். எல்.ஆர். பேக்ஸின் பாரா அகூஸ்டிக் டி.ஐ. போன்ற பெட்டிகள் இந்த 10 மெகா ஓம் வகை. ஊளையிடும் ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் வெட்டுகிற நாட்ச், கட்டத்தைத் திருப்பிப் போடும் ஒரு சுவிட்ச், 9 வோல்ட் பேட்டரியோ மிக்சரின் 48 வோல்ட்டோ எதில் வேண்டுமானாலும் ஓடுவது, இவையும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வைக்கும் இடம் வாசிக்கிறவர் காலடி. பிக்கப்புக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவே ஒயர் நீண்டால் அந்த ஒயரே இருப்பில் ஒரு பங்கைத் தின்னும். மிக்சர் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதில் புண்ணியமில்லை. கிடாருக்குள்ளேயே பேட்டரியோடு ப்ரீஆம்ப் இருந்தால் இந்தச் செலவே வேண்டாம், முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். நான் பார்த்தேன், இல்லை.

தங்கமணியிடம் விலையைச் சொல்லாமல் வாங்கி வந்து, சின்னத் தெருக் கூட்டம் ஒன்றில் செருகிக் கொடுத்தேன். முதல் மீட்டிலேயே தடித்த தந்தி நெஞ்சில் வந்து இடித்தது. மகள் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மிட் குமிழைத் தானே கொஞ்சம் குறைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் சௌடய்யா கதையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "அப்ப எனக்கும் 12 தந்தி கிடார் வாங்கித் தாப்பா" என்கிறாள் :-)