கால் மாறி ஆடிய ஷூக்கள்

1815, ஜூன் 15. பிரஸ்ஸல்ஸ் நகரம். ராத்திரி நேரம்.

ரிச்மண்ட் சீமாட்டியின் வீட்டில் நடன விருந்து களை கட்டியிருக்கிறது. முக்கிய விருந்தாளி வெல்லிங்டன் பிரபு. வேறு யாருமில்லை, 1799-ல் திப்பு சுல்தானை எதிர்த்து ஸ்ரீரங்கப்பட்டினத்தில் சண்டை போட்டாரே, அதே ஆர்தர் வெல்லெஸ்லிதான். சுற்றிலும் அவருடைய இளம் அதிகாரிகள். ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருக்கும்போதே செய்தி வருகிறது. நெப்போலியன் படையோடு எல்லை தாண்டி வந்துவிட்டார்!

அப்புறம் என்ன? ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார்கள் அதிகாரிகள். மறுநாளே காத்ர் பிரா என்ற இடத்தில் சண்டை. உடை மாற்றக்கூட நேரமில்லாமல், விருந்துக்குப் போட்ட பட்டு ஸ்டாக்கிங்ஸ், டான்ஸ் ஷூவோடு சிலர் போர்க்களத்தில் நின்றதாகச் சொல்வார்கள். அதற்கும் இரண்டு நாள் கழித்து வாட்டர்லூ. யார் ஜெயித்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அதை விடுங்கள். எனக்கு அந்த ஷூக்கள் மேல்தான் கண்.

அன்றைக்கு அந்த விருந்தில் ஆடிய பெண்களின் ஷூவைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே பட்டுத் துணி, அடியில் மெல்லிய தோல். எடையே இல்லை. கணுக்காலில் சுற்றிக் கட்ட ரிப்பன். ரிப்பன் அழகுக்கு மட்டுமில்லை. அது இல்லாவிட்டால் ஷூ காலில் நிற்காது. சரி, இதில் எது இடது, எது வலது?

கண்டுபிடிக்க முடியாது. இரண்டும் ஒரே அச்சு! பிற்பாடு பாரிஸில் தயாரான சில பட்டு ஷூக்களின் உள்ளே 'இடது', 'வலது' என்று பிரெஞ்சில் குட்டி லேபிள் ஒட்டியிருப்பார்கள். லேபிளைக் கிழித்துவிட்டால் போச்சு, எதை எதில் போட்டாலும் ஒன்றுதான்.

மதுரை வெள்ளியம்பலத்தில் பாண்டிய மன்னனுக்காக நடராஜர் கால் மாறி ஆடினார் என்பது நமக்குத் தெரிந்த கதை. அவர் ஒரே ஒரு முறைதான் மாறினார். ஐரோப்பாவின் ஷூக்களோ இருநூறு வருஷத்துக்கும் மேலாக இஷ்டத்துக்குக் கால் மாறி ஆடிக்கொண்டிருந்தன.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அதற்கு முன்னால், மத்திய காலத்தில், இடது வலது வித்தியாசம் பார்த்துத்தான் ஷூ தைத்தார்கள். அப்புறம் ஏன் மறந்து போனார்கள்?

காரணம், ஹீல்ஸ்!

ஷூ தைக்க ஒரு மரக்கட்டை வேண்டும். பாதத்தின் வடிவத்தில் செதுக்கிய கட்டை. அதற்கு 'லாஸ்ட்' என்று பெயர். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். 16-ம் நூற்றாண்டின் கடைசியில் உயரமான ஹீல்ஸ் ஃபேஷன் ஆனதும், ஒவ்வொரு ஹீல் உயரத்துக்கும் தனித்தனி கட்டை தேவைப்பட்டது. அதிலும் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் மாதிரி கையால் செதுக்குவது பெரிய வேலை. செலவு இரண்டு மடங்கு. ஷூ தைப்பவர் யோசித்தார். ஒரே கட்டை, இரண்டு காலுக்கும் பொது. முடிந்தது பிரச்னை.

அவருக்கு முடிந்தது. கால்களுக்கு ஆரம்பித்தது.

நான் பி.காம். படித்தவன். இந்த இடத்தில் எனக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். ஷூ காலைக் கடிக்கிறது என்றால் நாம் என்ன சொல்கிறோம்? 'என் கால் அகலம்', 'என் விரல் கோணல்'. தப்பு காலில் இல்லை சார், கடைக்காரரின் ஸ்டாக் கணக்கில் இருக்கிறது! இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்தக் கொடுமையை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் பெட்ரஸ் காம்பர். ஹாலந்து நாட்டு உடற்கூறு நிபுணர். 1781-ல் 'நல்ல ஷூ எப்படி இருக்க வேண்டும்' என்று ஒரு புத்தகமே போட்டார். குதிரைக்கும் மாட்டுக்கும் லாடம் அடிப்பதைப் பற்றி எழுத அறிஞர்கள் இருக்கிறார்கள், மனுஷன் காலைப் பற்றிக் கவலைப்பட ஆளில்லையே என்பது அவர் ஆதங்கம்.

யார் கேட்டார்கள்? ஐரோப்பா வால்ட்ஸ் ஆடப் போய்விட்டது. அதுவரை நாகரிகமாக விரல் நுனியைப் பிடித்துக்கொண்டு ஆடியவர்கள், இப்போது இடுப்பை அணைத்தபடி பம்பரமாகச் சுற்றினார்கள். 1816-ல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை, இது ஆபாசம் என்று பொங்கி எழுந்தது. ஆபாசமோ இல்லையோ, காலுக்கு ஆபத்து. சுற்றும்போது உடம்பின் மொத்த பாரமும் கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்கிறதே, அந்த மூட்டில்தான் இறங்கும். அங்கே இறுக்கிப் பிடிக்கிற ஷூவைப் போட்டுக்கொண்டு விடிய விடிய ஆடினால்? கொப்புளம், கால் ஆணி, புடைத்துப்போன மூட்டு.

விடிவு வந்தது ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையிலிருந்து! அமெரிக்காவில் தாமஸ் பிளான்சர்ட் என்பவர், துப்பாக்கியின் மரக்கட்டையைக் கடைய 1819-ல் ஒரு மெஷின் கண்டுபிடித்தார். ஒரு மாதிரியை வைத்துவிட்டால் கோணல்மாணலான வடிவத்தையும் அப்படியே நகல் எடுத்துத் தரும். துப்பாக்கிக்கட்டையைக் கடைந்த மெஷின் ஷூ கட்டையையும் கடைந்தது. கட்டை மலிவானது. இடதும் வலதும் மெல்லப் பிரிந்தன. அப்போதும் பெண்களின் டான்ஸ் ஷூதான் கடைசிவரை பிடிவாதமாக ஒரே அச்சில் இருந்தது.

சரி, இடது வலது வந்தாயிற்று. சைஸ்?

இங்கிலீஷ் ஷூ சைஸ் எதில் அளக்கிறார்கள் தெரியுமா? பார்லி அரிசியில்! மூன்று பார்லி மணியை நீளவாக்கில் வைத்தால் ஒரு அங்குலம். ஒரு மணி ஒரு சைஸ். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு பார்லி மணிதான், சுமார் எட்டரை மில்லிமீட்டர். சிரிக்காதீர்கள், பிரிட்டிஷ் சைஸ் இன்றைக்கும் அதே கணக்கில்தான் நடக்கிறது.

ஆனால் நீளம் மட்டும் போதுமா? இந்தக் கேள்வி ஒரு கல்லூரி மாணவருக்கு வந்தது. நியூயார்க் மாநிலம், சிராகூஸ் நகரம். சார்லஸ் பிரானக்கின் அப்பா அங்கே ஒரு ஷூ கடையின் பங்குதாரர். பையன், குழந்தைகள் கட்டி விளையாடும் இரும்புப் பட்டை, போல்ட், நட்டு செட்டை வைத்துக்கொண்டு ஒரு அளவு கருவி செய்தார். 1920-களில் அது உலோகத் தட்டாக விற்பனைக்கு வந்தது. 'பிரானக் டிவைஸ்'. பெரிய ஷூ கடைகளில் பார்த்திருப்பீர்கள், காலை வைத்து இரண்டு பக்கமும் நகர்த்துவார்களே, அதுதான்.

அதில் மூன்று அளவு உண்டு. குதிகாலிலிருந்து விரல் நுனிவரை ஒன்று. பாதத்தின் அகலம் ஒன்று. மூன்றாவதுதான் சூட்சுமம்: குதிகாலிலிருந்து அந்தக் கட்டைவிரல் மூட்டுவரை. உங்களுக்கும் உங்கள் நண்பருக்கும் பாதம் ஒரே நீளம் என்று வையுங்கள். உங்களுக்கு விரல் நீளம், அவருக்குக் குட்டை. அப்படியானால் கால் மடங்குகிற இடம் வேறு. ஷூ மடங்குகிற இடமும் வேறாகத்தானே இருக்க வேண்டும்? நடக்கும்போது இதைச் சமாளித்துவிடலாம். ஆடும்போது முடியாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்கு பூட்ஸ் கொடுக்க பிரானக்கைத்தான் கூப்பிட்டது.

அதே காலத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஷூ கடையிலேயே எக்ஸ்ரே! ஷூவோடு காலை ஒரு பெட்டிக்குள் நுழைத்தால், எலும்பெல்லாம் பச்சையாக ஒளிரும். குழந்தைகள் விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துச் சிரிக்கும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மட்டும் சுமார் பத்தாயிரம் பெட்டிகள். கதிர்வீச்சு ஆபத்து புரிந்து 1957-ல் பென்சில்வேனியா மாநிலம் தடை போட்டது, மற்றவர்களும் தொடர்ந்தார்கள். இத்தனைக்கும் அந்தப் பெட்டி எதையும் அளக்கவில்லை. எலும்பு தெரிந்தது. கடி தெரியவில்லை.

பால்ரூம் நடனமோ அதற்குள் பரீட்சை வைத்து மார்க் போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. 1920-ல் இங்கிலாந்தின் பிளாக்பூலில் நடன விழா ஆரம்பம். 1922-ல் விக்டர் சில்வெஸ்டர் உலக சாம்பியன். 1924-ல் நடன ஆசிரியர்கள் சங்கம் பால்ரூமுக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, ஸ்டெப்ஸுக்கெல்லாம் இலக்கணம் வகுத்தது. ஆட்டத்துக்கு ஏற்ப ஷூவும் பிரிந்தது. வால்ட்ஸ் வகைக்குப் பெண்களுக்கு மூடிய கோர்ட் ஷூ. லத்தீன் வகைக்கு வார் வைத்த திறந்த செருப்பு. அடியில் ஸ்வேட் தோல், வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும் என்பதால். அது வழவழப்பாகிவிட்டால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொள்வார்கள்.

இன்றைக்கு டான்ஸ் ஷூ வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடியை அல்ல, தன் காலை. கட்டைவிரல் நீண்டு மற்றவை சரிந்து வந்தால் எகிப்திய பாதம் என்கிறார்கள். அதற்கு வட்ட முனை சௌகரியம். இரண்டாவது விரல் நீண்டிருந்தால் கிரேக்க பாதம். சுதந்திர தேவி சிலைக்கே அப்படித்தான்! அதற்குக் கூர் முனை ஒத்துப்போகலாம். விரலெல்லாம் ஒரே வரிசையில் இருந்தால் சதுர பாதம், முன்பக்கம் அகலமான ஷூ தேவை. மேற்பாதம் உயரமென்றால், தளர்த்தி இறுக்க வார் வேண்டும். குதிகால் குறுகலென்றால் கணுக்காலைப் பிடிக்க வார் வேண்டும்.

அளவு, தெருவில் போடும் ஷூவைவிடக் கச்சிதமாக இருக்க வேண்டும். பட்டும் மெல்லிய தோலும் போடப் போட இளகும் என்பதால். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, நின்றுகொண்டு, இரண்டு காலிலும் போட்டுப் பார்ப்பது உத்தமம். பலருக்கு இரண்டு பாதமும் ஒரே அளவில்லை.

இத்தனையும் ஒரு கடையில் கிடைக்குமா? கணக்குப்பிள்ளை மறுபடி வருகிறான். 3 முதல் 8 வரை, அரை சைஸோடு சேர்த்து 11 நீளம். நான்கு அகலம் வைத்தால் 44. மூன்று ஹீல் உயரம் என்றால் 132. ஒரே டிசைன், ஒரே கலர், அதற்கே 132 ஜோடி! பாதி விற்காமல் டெட் ஸ்டாக். எந்த முதலாளி சம்மதிப்பார்? அகலத்தைத்தான் முதலில் வெட்டுவார். நானூறு வருஷத்துக்கு முன்னால் வலது கட்டையை வெட்டிய அதே கணக்கு.

கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட சிண்டரெல்லா கதை, நாம் குழந்தைகளுக்குச் சொல்வதைவிடக் கொடூரமானது. அதில் அந்த ஷூ காலில் நுழைய வேண்டுமென்பதற்காக அம்மாவே கத்தியைக் கொடுக்கிறாள். ஒரு மகள் கால்விரலை வெட்டிக்கொள்கிறாள். இன்னொருத்தி குதிகாலை.

போன வருஷம் நானும் ஒரு கடையில் எட்டாம் நம்பர் ஷூவை மாட்டிக்கொண்டு நின்றேன். சுண்டுவிரல் கதறியது. 'ஒன்பது ஸ்டாக் இல்லை சார். போடப் போட லூஸ் ஆயிடும்' என்றார் கடைப் பையன். தலையாட்டிவிட்டு வாங்கி வந்தேன். ஷூ லூஸ் ஆகவில்லை, சுண்டுவிரல்தான் காய்த்துப்போனது. ஷூ இப்போது பரணில் இருக்கிறது, புத்தம் புதுசாக.

அடுத்த தடவை யாராவது உங்களிடம் 'போடப் போட லூஸ் ஆயிடும்' என்றால், எது லூஸ் ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.