வீட்டுத் தோட்டப் பறவை நோக்கல்

வீட்டுத் தோட்டப் பறவை நோக்கல் என்பது வீட்டின் கொல்லைப்புறம், முற்றம், மொட்டை மாடி போன்ற இடங்களுக்குக் காட்டுப் பறவைகளை வரவழைத்து, அவற்றைக் கூண்டில் அடைக்காமல் அவற்றின் போக்கிலேயே கவனிக்கும் பொழுதுபோக்கு ஆகும். இது பறவை நோக்கலின் ஒரு பிரிவு. தொலைநோக்கி இன்றியும், வீட்டை விட்டு வெளியே செல்லாமலும் செய்யக்கூடியது என்பதால் மாணவர்களுக்கும் முதியோருக்கும் மிகவும் ஏற்றது. இக்கட்டுரை தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதி வீடுகளை முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது.

பின்னணி

பறவைக்கு உணவிடுதல் தமிழர் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். உண்பதற்கு முன் காகத்திற்குச் சோறு வைத்தல், பொங்கலுக்கு மறுநாள் கனுப்பிடி வைத்தல், அறுவடைக்குப் பின் நெற்கதிர்களைக் கொத்தாகக் கட்டி வாசலில் தொங்கவிடுதல் ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். நெற்கதிர்க் கொத்து சிட்டுக்குருவிகளை ஈர்க்கும். எனினும் இவ்வழக்கங்களின் நோக்கம் வேறு. பறவையை அடையாளம் கண்டு குறிப்பெடுப்பது பிற்காலத்தில் வந்த பழக்கமாகும். சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் பற்றிய நூல் 1941 ஆம் ஆண்டு வெளிவந்தபின் இந்தியாவில் பலர் இதில் ஈடுபட்டனர். தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்கையியல் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (1912-1996), ஆங்கில நாளிதழ் ஒன்றில் 1950 முதல் எழுதி வந்த பத்தியில் காட்டு விலங்குகளோடு ஊர்ப்புறப் பறவைகளைப் பற்றியும் எழுதினார்.

தானியமும் அதன் எல்லையும்

பறவைகளை வரவழைக்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் செய்வது அரிசியோ கம்போ தூவுவதுதான். இதனால் வருபவை மாடப்புறா, காகம், சிட்டுக்குருவி, பச்சைக்கிளி முதலிய சிலவே. நகரங்களில் மாடப்புறாக்கள் பெருங்கூட்டமாக வந்து ஏனையவற்றை நெருங்க விடுவதில்லை. தோட்டத்திற்கு வரக்கூடிய பறவைகளுள் பெரும்பாலானவை தானியத்தைத் தொடுவதே இல்லை. தேன்சிட்டு, தையல்சிட்டு, கரிச்சான், செம்போத்து, குக்குறுவான் போன்றவற்றுக்குத் தேனும் பழமும் பூச்சியும்தான் உணவு. தானியம் உண்ணும் சிட்டுக்குருவியும்கூடத் தன் குஞ்சுகளுக்குத் தொடக்க நாட்களில் புழு பூச்சிகளையே ஊட்டும். ஆகவே பூச்சிமருந்து தெளித்துவிட்டுத் தானியம் வைக்கும் தோட்டத்தில் சிட்டுக்குருவிக்குப் பாதி உணவே கிடைக்கிறது.

ஒரே தட்டில் நாள்தோறும் பறவைகள் கூடுவதால் நோய் பரவும் இடரும் உண்டு. பிரித்தானியாவில் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்பட்ட கிரீன்பிஞ்ச் என்னும் விதையுண்ணிப் பறவைகளிடையே 2005 ஆம் ஆண்டு முதல் டிரைக்கோமோனாசு ஒட்டுண்ணி நோய் பரவியது. நோயுற்ற பறவையின் உமிழ்நீர் பட்ட உணவும் நீரும் நோய் பரவும் வழிகளாகும். அப்பறவையின் எண்ணிக்கை பெரிதும் சரிந்து, 2021 இல் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அன்புடன் வைத்த தட்டே நோய்க்களமாக மாறியதற்கு இது ஒரு சான்று. உணவு வைப்போர் சிறிதளவே வைத்து, எஞ்சியதை அன்றே அகற்றி, தட்டைக் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும்.

நீர்

நீர் ஏறக்குறைய எல்லாப் பறவைகளையும் ஈர்க்கும். கோடையில் இதற்கு ஈடான வேறொன்று இல்லை. அகன்ற மண் தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத ஆழத்தில் நீர் ஊற்றி, நடுவில் ஒரு கல் வைத்தால் சிறு பறவைகளும் அஞ்சாமல் இறங்கிக் குளிக்கும். வெண்தலைச் சிலம்பன்கள் கூட்டமாக வந்து ஒன்றன்பின் ஒன்றாகக் குளிக்கும் காட்சியைக் காண்பதற்கே ஒரு தட்டு வைக்கலாம். தட்டு புதரை ஒட்டி இருந்தால் பூனை பதுங்கிப் பாயும். சில அடி தள்ளித் திறந்த இடத்தில் வைப்பது நல்லது. நாள்தோறும் நீரை மாற்றினால் கொசு பெருகாது.

செடிகளும் மரங்களும்

செம்பருத்தி, இட்லிப்பூ, முருங்கை ஆகியவற்றின் பூக்களுக்கு ஊதாத் தேன்சிட்டும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டும் வருகின்றன. கறிவேப்பிலையின் பழங்களைக் குயிலும் கொண்டைக்குருவியும் உண்கின்றன. தேன்பழ மரம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததாயினும் பூக்கொத்திகளுக்கு மிகவும் விருப்பமானது. சுமார் 8 செ.மீ. நீளமே உள்ள பூக்கொத்தி இந்தியாவின் மிகச் சிறிய பறவைகளுள் ஒன்று. உண்ணிச்செடியின் பழத்தையும் பறவைகள் உண்ணும். ஆனால் அவற்றின் எச்சத்தின் வழியே அச்செடி காடுகளில் பரவுவதால் அதனை நடாதிருப்பதே முறை.

பட்டுப்போன முருங்கைக் கிளையை வெட்டாமல் விட்டால் செம்மார்புக் குக்குறுவான் அதில் துளையிட்டுக் கூடமைக்கலாம். தையல்சிட்டு அகன்ற இலைகளைப் பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்துக் கூடு கட்டுகிறது. ஒட்டடை அடிக்கும்போது வெளிப்புறச் சிலந்தி வலைகளை விட்டுவைத்தால் தேன்சிட்டுக்கும் அது கூடு கட்ட உதவும்.

உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியில் விடுவதும் இன்றியமையாதது. வட, நடு இந்தியப் பகுதிகளில் இனப்பெருக்கம் செய்து குளிர்காலத்தில் தெற்கே வரும் ஆறுமணிக்குருவி, சருகுகளைக் கிளறியே புழுக்களைத் தேடும். வலசை வரும் நாட்களில் இது களைத்துப்போய் நகர வீடுகளுக்குள் நுழைவதும் உண்டு. அப்போது அதனைக் காகம் கொத்தாதவாறு துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, தெளிந்தபின் நிழலான இடத்தில் விட வேண்டும். முற்றம் முழுவதும் சிமெண்டு பூசப்பட்ட வீட்டில் இப்பறவைக்கு இரை இல்லை.

நோக்கும் முறை

காலை 6 முதல் 9 மணி வரையும் மாலையில் வெயில் தாழ்ந்த பின்னும் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும். ஒரே இடத்தில் அமர்ந்து, நாள், நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பெயர் தெரியாவிடில் அளவு, அலகின் வடிவம், வாலின் நீளம், குரல் ஆகியவற்றை எழுதலாம். நிறத்தை மட்டும் நம்புவது தவறு. ஆண் ஊதாத் தேன்சிட்டு இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பளபளப்பை இழந்து, நெஞ்சில் ஒரு கருங்கோட்டுடன் பெண்ணைப் போலத் தோன்றும். குயிலில் ஆண் கருமை, பெண் புள்ளிகளுடன் பழுப்பு. இரண்டையும் வெவ்வேறு பறவைகளாகக் குறிப்பவர் பலர்.

இக்குறிப்புகளைக் கணக்கெடுப்புகளிலும் சேர்க்கலாம். வட அமெரிக்காவில் 1998 இல் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு, 2013 முதல் உலகெங்கும் பிப்ரவரி மாதத்தில் நான்கு நாட்கள் நடைபெறுகிறது. குறைந்தது 15 நிமிடங்கள் நோக்கினால் போதும். தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் சனவரி மாதத்தில் நடத்தப்படுகிறது. காகம், மைனா போன்ற சாதாரணப் பறவைகளையும் விடாமல் எண்ண வேண்டும். சிட்டுக்குருவி எல்லாரும் அறிந்த பறவை என்பதாலேயே முன்னாளில் பலர் அதனை எண்ணி எழுதவில்லை.

கவனிக்க வேண்டியவை

கூட்டின் அருகே அடிக்கடி செல்வதும், மறைக்கும் இலைகளை விலக்கிப் படம் எடுப்பதும் காகத்திற்கும் பூனைக்கும் வழிகாட்டும். பெரிய கண்ணாடிச் சன்னல்களில் வானமும் மரமும் தெரிவதால் பறவைகள் மோதி இறக்கின்றன. வெளிப்புறம் வலையோ நெருக்கமான கோடுகளோ இட்டால் இதனைக் குறைக்கலாம். கொல்லைக்கு வரும் பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.